முதியோரின் நடை உறுதியை அளந்தறிவோம்

 

நம் கல்விச் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணியைப் பலரும் பாராட்டினர். நான் இக்கட்டடத்திற்குக் கல்லும் மண்ணும் சுமந்த முதியோரின் நடையைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

சேற்றில் நின்று நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தவர் என் தாயார். அவர் தமது 68ஆம் வயதில் வாசற்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார், மீண்டும் நடக்கவில்லை. ‘வயதாயிற்று, விழுந்தார்’ என்று ஊரார் கூறினர்; பட்டம் பெற்ற நானும் அவ்வாறே கூறினேன். அதற்கு முன்பு பல மாதங்களாக அவர் சுவரைப் பற்றிக்கொண்டே நடந்ததைக் கண்டும் காணாதிருந்தேன்.

விழுதல் விதியன்று, அந்த அபாயத்தை முன்னரே அளந்தறியலாம். 1986இல் மாத்தியாஸ், நாயக், ஐசக்ஸ் என்னும் ஆய்வாளர்கள் முதியவரை நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் செய்து, பார்வையாலேயே 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டனர். இத்தகைய மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். எனவே 1991இல் கனடாவின் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் ஆகிய இருவரும் மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் கடிகாரத்தைக் கொண்டனர்.

முறை எளிது. கைப்பிடியுள்ள நாற்காலிக்கு 3 மீட்டர் தொலைவில் கோடு ஒன்று இடுக. முதியவர் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து அமரவேண்டும். கைத்தடி உடையவர் அதனுடனேயே நடக்கலாம். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டெனக் கொள்க. ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனியில் பொருத்தி 10 வினாடி நிற்க இயலாதவரும் கவனத்திற்குரியவரே. சோதிக்கும்போது தாங்கிக்கொள்ள ஒருவர் அருகில் நிற்பது இன்றியமையாதது.

தசைத் தளர்ச்சி, கண்புரை, நீரிழிவால் வரும் பாத மரப்பு, உட்செவிக் கோளாறு, எழுந்தவுடன் தாழும் இரத்த அழுத்தம், உண்ணும் மருந்து எனத் தடுமாற்றத்திற்குக் காரணங்கள் பல. அவற்றை மருத்துவரே ஆராய்ந்து கூறவேண்டும். பலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. தக்க பயிற்சியால் தளர்ந்த கால்களும் வலிமை பெறும்.

மாணவச் செல்வங்களே! நாற்காலி, அளவு நாடா, கடிகாரம் ஆகிய மூன்றும் நம் இரவுப் பள்ளியில் உள்ளன. விடுமுறையில் உங்கள் தெருவிலுள்ள பாட்டன் பாட்டிமாரைச் சோதித்துக் குறித்து வையுங்கள். நேரம் மிகுந்தவர்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிறர் முன்னிலையில் நாற்காலியில் அமர நம் முன்னோருக்கு உரிமை மறுக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அவர்களை முதலில் மரியாதையுடன் நாற்காலியில் அமர்த்துங்கள். பிறகு எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.