பழையதன் மேலா, புதிதாகவா?

(பூலாம்பாடியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, நம் மாணவர்களுக்கு வந்த கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது அது. நம்மில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை, நானும்தான். பள்ளியின் பழைய கணினிகள் விண்டோஸில் திணறத் தொடங்கிய பிறகே லினக்ஸ் பக்கம் வந்தேன், உபுண்டு பழகினேன்.

உபுண்டுவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும். அதற்குச் சில வாரம் முன்பு பீட்டா. அப்படி வந்த ஒரு பீட்டாவை, ஆர்வக்கோளாறில், பள்ளிக் கணினியில் இருந்த பழைய பதிப்பின் மேலேயே மேம்படுத்தினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டறை போடுவது முதல் சந்தைக்குப் போவது வரை சின்ன வெங்காயச் சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தட்டச்சு செய்த கோப்புகள் அதில்தான் இருந்தன. பாதியில் மின்சாரம் போய்விட்டது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்திருந்தது. அதன்பின் கறுப்புத் திரைதான்.

“சார், நாங்க அடிச்சதெல்லாம் போயிடுச்சா?” என்றாள் ஒரு மாணவி. பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, கோப்புகளை மீட்டேன். இப்போது அவை இரண்டு இடங்களில் இருக்கின்றன.

மேம்படுத்தும்போது ஆயிரக்கணக்கான மென்பொருள் தொகுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. இடையில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. முழுதாக முடிந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று வையுங்கள். குற்றம் பீட்டாவுடையதா, பழைய அமைப்புகளின் மிச்சமா? கண்டுபிடிப்பது கடினம். பிழை கண்டுபிடிக்கத்தானே பீட்டாவை வெளியிடுகிறார்கள்? புதிதாக நிறுவிய கணினியில் பார்த்துச் சொன்னால், உருவாக்குபவருக்கு அது பயன்படும். கொம்பும் புள்ளியும் இடம் மாறி விழுவது நம் கண்ணுக்குத்தானே தெரியும்!

புதிதாக நிறுவுவதிலும் ஆபத்து இருக்கிறது. கவனிக்காவிட்டால் வட்டு முழுவதையும் அழித்துவிடும். ‘ஹோம்’ பகுதியைத் தனிப் பார்ட்டிஷனாக வைத்துக்கொண்டு, சிஸ்டம் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மேட் செய்யுங்கள். அப்போதும் கோப்புகளின் நகல் வெளியே இருக்கட்டும். பழைய அமைப்புகள் ஹோமில் மறைந்திருக்கும் என்பதால், சோதனைக்குப் புதிய பயனர் கணக்கு ஒன்று தொடங்குவது நல்லது.

பீட்டா நிறுவியவர்கள் இறுதிப் பதிப்பு வந்ததும் மறுபடி நிறுவ வேண்டியதில்லை. வழக்கமான புதுப்பிப்புகளே அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். வகுப்பறைக் கணினிகளுக்கு அவசரமே வேண்டாம். பழைய நீண்டகாலப் பதிப்பில் இருப்பவர்களுக்கு, புதியதன் .1 வெளியீடு வந்த பிறகுதான் உபுண்டுவே மேம்படுத்தும் அறிவிப்பைக் காட்டுகிறது. மேம்படுத்துவதானால் அப்போது செய்யுங்கள், பேட்டரியைப் பார்த்துவிட்டு.

பின் மேசையில் பிள்ளைகளின் கோப்பு எதுவும் இல்லாத ஒரு பழைய கணினி இருக்கிறது. பக்கத்திலேயே பீட்டா ஏற்றிய பென் டிரைவும். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், தமிழ்99-இல் தட்டிப் பார்ப்போம்.