கறளும் கரிசனையும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏட்டிலே நாம் ‘துரு’ என்று எழுதுவதை யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே ‘கறள்’ என்கிறோம். “சேர், சோதனையில் எதை எழுதுவது?” என்று மாணவர் என்னிடம் கேட்பதுண்டு. எதையும் எழுதலாம், ஆனால் பொருளை அறிந்து எழுதுங்கள் என்பேன். அந்தச் சொல்லின் பொருளை நானே சரிவர அறிந்துகொண்டது வகுப்பறையில் அன்று. 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலே, என் தமையனாரின் வீட்டுக் கராஜில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் அதை அறிந்தேன். ஆகவே இன்றைய உரை ஒரு பழைய காரைப் பற்றியது. தமிழாசிரியன் ஒருவனுக்குக் காரோடு என்ன அலுவல் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வியே. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

எங்கள் ஐயா வாடகைக் கார் ஓட்டியவர். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ-60 என்ற கார் அவருடையது. 1990இன் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சிறு புட்டியில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடுவார். அந்தப் புகையின் மணம் எங்கள் தலைமுறையினருக்கு மறக்காது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது, அந்தக் கார் அயலிலுள்ள முதியவர்களை ஏற்றிக்கொண்டு தென்மராட்சி வரை வந்தது. அங்கே மண்ணெண்ணெயும் தீர்ந்தது. ஒரு மாமரத்தின் கீழ் விட்டுவிட்டு நடந்தோம். மறுமுறை பார்த்தபோது கூடு மட்டுமே எஞ்சியிருந்தது. ஐயா கையோடு கொண்டுவந்திருந்தது ஸ்பனர் பெட்டி ஒன்றுதான்.

அண்ணா 1992இலேயே புறப்பட்டுப் போய்விட்டார். 2001இல் ஐயா காலமானபோது அவர் வரவில்லை. கையில் உரிய கடதாசி இல்லை. இங்கே ஏ-9 வீதியும் அப்போது மூடியே கிடந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், கொள்ளி வைத்த கையாகிய என் கை அதை மன்னிக்கவில்லை. போர் முடிந்த பின் இரண்டு தடவை வந்தார். விருந்தாளியைப் போல இருந்துவிட்டுப் போனார். அம்மாவின் செலவுக்கு மாதந்தவறாமல் காசு வரும். எங்களுக்கிடையில் பேச்சு மட்டும் சுகம் விசாரிப்பதோடு நின்றுவிட்டது.

இந்த நிலையிலேதான், நான் புறப்படுவதற்கு முதல் வாரம் தொலைபேசியில் கேட்டார். “தம்பி, ஐயாவின்ரை ஸ்பனர் பெட்டி கிடக்கோ? கிடந்தால் அந்த அரை இஞ்சி ஸ்பனரை எடுத்துக்கொண்டு வா.”

“ஏன், உங்கை கடையிலை இல்லாத ஸ்பனரோ?”

“இருக்கு. அது வேணும்.”

செத்த வீட்டுக்கு வராதவருக்கு ஸ்பனர் வேண்டுமாம் என்று எண்ணிக்கொண்டேதான் அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அண்ணாவின் கராஜில் நின்றது எம்.ஜீ.பீ என்ற, கூரையில்லாத, இரண்டு பேர் இருக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். ஒக்ஸ்போர்ட்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்ற ஊரிலே 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வகை. அண்ணாவின் கார் 1974இல் வந்தது. 2003இல் வாங்கி, எட்டு மாரிகாலம் அதிலேயே இரவு வேலைக்குப் போய் வந்திருக்கிறார். 2010 டிசம்பர் அந்த நாட்டில் நூறாண்டு காணாத குளிர் டிசம்பர். அந்த மாரியோடு கார் படுத்துவிட்டது. பிறகு எட்டு வருடம் கராஜின் மூலையில் கிடந்தது.

குளிர் நாட்டில் வீதியிலே பனி உறையாதிருக்க உப்பைத் தூவுகிறார்கள். தண்ணீர் பூச்சியம் பாகையில் உறையும். பத்து வீதம் உப்புக் கரைந்தால் ஏறக்குறைய சய ஆறு பாகை வரை உறையாது. வழுக்கி விழாமல் மனிதரைக் காப்பது அந்த உப்புத்தான். ஆனால் சில்லுகள் வாரி இறைக்கும் உப்புச் சேறு காரின் அடியிலே ஒவ்வொரு மடிப்பிலும் போய்த் தங்குகிறது. ஈரக் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வது உப்பின் குணம். எனவே வெயில் அடித்தாலும் அந்த இடம் காய்வதில்லை. ஆனையிறவை அறிந்த நமக்கு, கடற்காற்றில் யன்னல் கம்பிகள் படும் பாட்டை அறிந்த நமக்கு, இது விளங்கும். அத்தோடு, செம்பிலே படியும் களிம்பு ஓரளவுக்குச் செம்பைக் காக்கும். இரும்பின் கறளோ அப்படியன்று. அது பருத்து, செதில் செதிலாகக் கழன்று, உள்ளே இருக்கும் நல்ல இரும்பையும் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும்.

வெளியே பார்த்தால் கார் அவ்வளவு மோசமில்லை. “இதுக்கென்ன, பெயின்ற் அடிச்சால் சரிதானே?” என்றேன். அண்ணா ஒரு காந்தத் துண்டைத் தந்தார். கதவின் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் நீளமாக ஓடும் பெட்டிபோன்ற பகுதியிலே வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. “உதிலை ஸ்குறூட்றைவராலை குத்திப் பாரடா” என்றார். குத்தினேன். பிடி வரை உள்ளே போயிற்று. உடைத்துப் பார்த்தபோது, மேலே பசை. பசைக்குள் கசக்கித் திணித்த பத்திரிகைத் தாள். அதற்கும் உள்ளே கைப்பிடி கைப்பிடியாகச் செம்மண் போன்ற கறள். முன்னர் ஒரு திருத்தகத்திலே காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை அது.

அந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம். கூரையும் இல்லாதபடியால், அந்த இரண்டு பக்கப் பெட்டிகளும்தான் முதுகெலும்பு. வெளித்தகடு, நடுத்தகடு, உட்தகடு என்று மூன்று தகடுகளும் கீழே ஒரு மடிப்புச் சட்டமும் சேர்ந்து நிற்பது. ஆகவே கண்டபடி வெட்டக்கூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் நடுவிலே தொய்ந்துவிடும். பிறகு கதவு ஒருபோதும் பொருந்தாது. காரை மட்டமாக நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்தி, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடவேண்டும். ஒவ்வொரு தகட்டையும் பற்றவைக்க முன் கதவைப் பொருத்தி மூடிப் பார்த்து, இடைவெளி சரிதானா என்று அளக்கவேண்டும். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டவேண்டும் என்பது முதல் விதி. “இஞ்சை வரைக்கும் காணும்தானே?” என்று நான் கேட்கும்போதெல்லாம் அண்ணா இன்னும் இரண்டு அங்குலம் தள்ளிக் கோடு கீறுவார்.

மூன்றாம் நாள் எஞ்சினைப் பார்க்க மூடியைத் திறந்தார். நான் திடுக்கிட்டேன். சிறு வயதிலே ஐயாவுக்கு விளக்குப் பிடித்த அதே எஞ்சின்! உண்மையில் ஒரே குடும்பம்தான். ஐயாவின் காரில் 1622 சீ.சீ., இதில் 1798 சீ.சீ. நட்டுகளும் அதே அங்குல அளவு. ஐயாவின் அரை அங்குல ஸ்பனர் முதல் நட்டிலேயே கச்சிதமாக உட்கார்ந்தது.

அண்ணா அதைத் திருகாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: “முதல் வருசம் ஐயாவின்ரை திவசத்துக்கு என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. இரண்டாம் வருசம் உதை வாங்கினன்.”

“பிறகு ஏன் இப்பிடி விட்டனீங்கள்?” என்று கேட்டேன். குரலில் பதினெட்டு வருடக் கோபம் இருந்தது. அது காரைப் பற்றிய கேள்வி மட்டுமன்று என்பது இருவருக்கும் தெரியும்.

“ஒயில் மாத்தினால் காணுமெண்டு நினைச்சன். காசு அனுப்பினால் காணுமெண்டு நினைச்சதுபோலைத்தான். அடியிலை குனிஞ்சு பார்க்கேல்லை.”

நேயர்களே, அப்போதுதான் என் பக்கத்துத் தவறும் எனக்குத் தெரிந்தது. ஐயாவின் கடைசி நாட்களை நான் அவருக்குச் சொன்னதே இல்லை. ‘வராதவருக்கு ஏன் சொல்லவேண்டும்?’ என்று பூசி மறைத்து வைத்திருந்தேன். அன்று மாலை, கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா இரண்டு நாள் என் பெயரை மறந்து, என்னை அண்ணாவின் பெயரால் அழைத்ததையும் சொன்னேன். அண்ணா காருக்குக் கீழேயிருந்து வெகு நேரம் வெளியே வரவில்லை. அண்ணி தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்.

என் விடுமுறைக்குள் இடப்பக்கம் மட்டுமே முடிந்தது. எஞ்சினில் தீப்பொறிக் கட்டைகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் ஒயில் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையாலே மெல்ல மெல்லச் சுற்றி இளக்கினோம். பெற்றோல் தாங்கி உள்ளே கறள் பிடித்திருந்ததால் புதியது வாங்கவேண்டியதாயிற்று. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. எட்டு வருடத்தில் அந்த ஈரம் முன் பிறேக்குகளை இறுகவைத்திருந்தது. நான் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக எஞ்சின் இருமி இருமி உயிர் பெற்றது. “மண்ணெண்ணெய் மணம் மட்டும்தான் குறை” என்றார் அண்ணா. இருவரும் சிரித்தோம்.

மிகுதியை அவர் தனியே செய்து, 2021 கோடையில் வீதிக்கு இறக்கினார். நாற்பது வருடம் கடந்த கார்களுக்கு அந்த நாட்டில் வருடாந்தப் பரிசோதனை பொதுவாகக் கட்டாயமில்லை. என்றாலும் அவர் தாமாகவே கொண்டுபோய்ச் சோதித்தார். புதிய தகடுகளின் உட்புறத்தில் மெழுகு பாய்ச்சியிருக்கிறார். நீர் வடியும் துளைகளைக் கம்பி விட்டுத் துப்புரவாக வைத்திருக்கிறார். வீதியில் முதல் உப்பு விழுந்தால் கார் உள்ளே போகும். வசந்தத்து மழை அந்த உப்பைக் கழுவிய பின்னரே வெளியே வரும்.

2023 தை மாதம் அண்ணா ஊருக்கு வந்தார். இம்முறை விருந்தாளியாக அன்று. ஐயாவின் திவசத்தை இருந்து செய்தார். ஒரு மாதம் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். ஸ்பனரைத் திருப்பிக் கொண்டுவந்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், அந்தக் காரின் சாமான் பைக்குள் இருக்கிறது.

இப்போது மாணவர் ‘கறள்’ என்பதன் பொருளைக் கேட்டால், இரும்பைத் தின்னும் அழுக்கு என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. குனிந்து பார்க்காத இடத்தில் வளர்வது என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.