மலை இரவுக்கு ஓர் இலேசான போர்வை

தமிழகத்திலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் மார்கழியிலேயே செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த துப்பட்டியைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, கடைத்தெருவுக்குச் சென்று ஒரு ரஜாய் வாங்குவதே அது. நாமும் அவ்வாறே வாங்கினோம். பஞ்சு அடைத்த ரஜாய் வீட்டுக்குள் நல்ல துணைதான். ஆனால் அதை முதுகில் சுமந்து மலையேற இயலாது. எடை மிகுதி என்பது ஒரு காரணம். நனைந்த பஞ்சு எளிதில் உலராது என்பது மற்றொரு காரணம். வடமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், குறிப்பாக இளைஞர்கள், விடுமுறை தோறும் இமயமலையில் நடைப்பயணம் செல்கின்றனர். அவர்களுக்கேற்ற செயற்கை இழைப் போர்வையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ளவேண்டும். எந்தப் போர்வையும் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே அசையாது நிற்கும் காற்று, நம் உடலின் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது, அவ்வளவே. ஆகவே உப்பல் எவ்வளவோ, கதகதப்பும் அவ்வளவே. உறங்கு பைக்குள் படுக்கும்போது முதுகுக்குக் கீழுள்ள பகுதி உடல் பாரத்தால் நசுங்கிவிடுகிறது. நசுங்கிய இடத்தில் காற்று இல்லை. எனவே பயனும் இல்லை. அந்தப் பகுதியை நீக்கி, மேற்பகுதியை மட்டும் வைத்துத் தைத்ததே மலைப்போர்வை. பெரும்பாலானவற்றில் கால்மாடு மட்டும் பைபோல் மூடியிருக்கும். எடை குறைவது இதனால்தான். தரையிலிருந்து ஏறும் குளிரைத் தடுப்பது கீழே இடும் விரிப்பின் கடமை. நல்ல விரிப்பின்றிப் போர்வையை மட்டும் வாங்குவது, கூரை வேய்ந்துவிட்டுத் தரை போடாமல் குடிபுகுவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, உள்ளே அடைக்கும் பொருள். வாத்தின் மென்தூவி ஒரு வகை. பாலியெஸ்டர் இழை மற்றொரு வகை. ஒரே அளவு வெப்பம் தருவதில் தூவியே எடை குறைந்தது, சிறிதாக மடங்குவது, நெடுநாள் உழைப்பது. ஆனால் நனைந்தால் அது கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு உப்பலை இழந்துவிடும். செயற்கை இழை ஈரத்திலும் தன் உப்பலில் ஒரு பகுதியைக் காத்துக்கொள்ளும், விரைவில் உலரும், விலையும் குறைவு. உலர்ந்திருக்கும்போது தரும் வெப்பத்தை ஈரத்திலும் அது அப்படியே தரும் என்று எண்ணிவிடக் கூடாது. எனினும் ஈர இரவில் இரண்டுக்குமுள்ள வேற்றுமை பெரிது. அதை நாங்கள் அனுபவத்தில் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு செப்டம்பர் மாதத்தில், நாங்கள் நால்வர் உத்தராகண்டத்திலுள்ள ஹர் கீ தூன் பள்ளத்தாக்கை நோக்கி நடந்தோம். புறப்படும் ஊராகிய சாங்க்ரி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பள்ளத்தாக்கோ சுமார் 3,500 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. அவ்வாறாயின் இரண்டிடங்களுக்குமிடையே 10 டிகிரி வேற்றுமை. எங்களுள் இளையவரான அலுவலகத் தம்பி, 200 கிராம் குறையும் என்று நாங்கள் சொன்ன யோசனையைக் கேட்டுத் தூவிப் பை வாங்கியிருந்தார். இரண்டாம் நாள் பிற்பகல் முழுதும் மழை. அவருடைய மூட்டைக்குள் நீர் புகுந்துவிட்டது. இரவில் அவர் நடுங்கத் தொடங்கினார். பிறகு நாக் குழறிற்று. சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் இணங்கவில்லை. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதன் அறிகுறிகள் இவை. ஈர உடைகளைக் களைந்து, உலர்ந்த கம்பளிச் சட்டை அணிவித்து, இருவர் நடுவே படுக்கவைத்து, ஓரம் நனைந்திருந்த எங்கள் செயற்கை இழைப் போர்வைகளை மேலே போர்த்தினோம். நினைவு தெளிவாக இருந்ததால் சர்க்கரை கலந்த வெந்நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். விடியுமுன் நடுக்கம் நின்றது. "அண்ணா, டீ கிடைக்குமா?" என்று அவர் கேட்ட பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது. மேலே செல்லாமல் காலையிலேயே இறங்கிவிட்டோம். எடை ஒன்றையே பார்த்து யோசனை சொன்ன குற்றம் எங்களுடையது.

இனி, வாங்கும்போது கவனிக்கவேண்டியவை. முதலாவது, பருவம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும் மலைப்பகுதிகளுக்குச் செயற்கை இழையே தக்கது. வறண்ட லடாக்கிலும் கடுங்குளிர் காலத்திலும் தூவிக்கே சிறப்பு. இரண்டாவது, அடைப்பின் கனம். சதுர மீட்டருக்குச் சுமார் 167 கிராம் இழை வைத்த போர்வையைத் தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ 0 டிகிரிக்கு உரியதாகக் குறிப்பிடுவர். அதன் மொத்த எடை பெரும்பாலும் 700 முதல் 900 கிராம். மூன்றாவது, சீட்டிலுள்ள டிகிரி எண். உறங்கு பைகளைச் சோதிக்க ஐஎஸ்ஓ 23537 என்னும் சர்வதேசத் தரம் உண்டு. போர்வைகளின் எண்ணோ பல சமயங்களில் தயாரிப்பாளரின் மதிப்பீடே. ஆகவே, செல்லுமிடத்தில் எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி கூடுதலாகத் தாங்கும் போர்வையை வாங்குவது விவேகம். நம்மைப் போன்ற சமவெளி வாசிகளுக்கு இது மிகவும் பொருந்தும். நான்காவது, அகலம். ஒருக்களித்துப் படுப்பவருக்கு 135 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. குறைந்தால் புரளும்போதெல்லாம் குளிர்காற்று நுழையும். விரிப்போடு பிணைக்கும் பட்டைகளும் இருத்தல் நலம்.

வாங்கியவுடன் மலைக்கு எடுத்துச் செல்லவேண்டாம். ஜனவரியில் தில்லியின் இரவு வெப்பநிலை 7 டிகிரியை ஒட்டி இறங்கும். அப்போது மொட்டை மாடியில் ஓரிரவு படுத்துப் பார்த்தால் குறைகள் வெளிப்பட்டுவிடும். வீட்டில் அதை இறுக்கிக் கட்டி வைத்தல் கூடாது. மீண்டும் மீண்டும் நசுங்கினால் இழை தன் உப்பலை இழக்கும். தளர்வான துணிப்பையில் வைக்கலாம். நெருப்பு அருகே கொண்டுசெல்லலாகாது; பாலியெஸ்டர் உருகிவிடும். நடையின்போது நீர் புகாத பைக்குள் இடவேண்டும். நண்பகல் வெயில் கிடைத்தால் பாறைமேல் விரித்து உலர்த்தவேண்டும்.

தோளில் ஏறும் ஒவ்வொரு கிராமையும் கணக்கிடுவது நல்ல பழக்கமே. ஆனால் எல்லாம் நனைந்துபோன இரவில் இந்தப் போர்வை நம்மைக் காக்குமா என்ற கேள்வியையும் கடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் தம்பி மறு ஆண்டு அதே பள்ளத்தாக்குக்கு மீண்டும் சென்று வந்தார். இம்முறை 200 கிராம் கூடுதலாகச் சுமந்து சென்றார்.