ஆறும் நமது, வேலையும் நமது

(நொய்யல் கரையில் நடந்த பனியன் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் இங்கே வரும் வழியில் ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளி என்னை நிறுத்தினார். "ஆத்தைக் காப்பாத்தணும்னு பேசப் போறீங்க. பட்டறையை மூடிட்டா என் வீட்டு அடுப்பை யாருங்க காப்பாத்துவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் ஆற்றைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

வெள்ளியங்கிரி மலைக் காட்டில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. 1992-ல் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். பல்லாயிரம் ஏக்கர் பாயும் என்றார்கள். வந்து தேங்கியது என்ன? சாயக் கழிவு! அணையைத் திற என்று கேட்க வேண்டிய விவசாயி, திறக்காதே என்று மன்றாடினான்.

காரணம் என்ன? துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்குகிறது. உப்பு தண்ணீரோடு வெளியேறுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் குறையும், உப்பு போகாது. அதைப் பிரிக்க இயந்திரம் உண்டு. அதற்குச் செலவும் உண்டு. அந்தச் செலவை மிச்சம் பிடித்த முதலாளிக்கு அது லாபம். நஷ்டத்தை ஆறு சுமந்தது, கிணறு சுமந்தது, கடைசியில் கூலிக்காரன் வயிறு சுமந்தது.

சுமார் 28,000 விவசாயிகளுக்கு 24 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு என்று கணக்கிட்டார்கள். சராசரியாக ஆளுக்கு 9,000 ரூபாய்கூட இல்லை. அதுவும் நிலத்துக்குப் போட்ட கணக்கு. அந்த நிலத்தில் களை பறித்த கைக்கு என்ன கணக்கு?

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்படுத்த சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. மூடிக் கிடந்த நாட்களுக்குத் தொழிலாளியின் கூலியை யார் தந்தார்கள்?

பிறகு நடந்ததைப் பாருங்கள். தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் நிலையங்கள் வந்தன. பனியன் தொழில் அழிந்ததா? இல்லை, வளர்ந்தது! ஆகவே, ஆறா வேலையா என்ற கேள்வியே பொய். தொழிலாளியையும் விவசாயியையும் மோதவிடக் கட்டிய கதை அது. வழியில் கேட்ட அந்தத் தோழருக்கு இதுவே என் பதில்.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. மழை இரவில் எந்தக் குழாய் ஆற்றுக்குத் திறக்கிறது என்பது அதிகாரியைவிட உங்களுக்குத் தெரியும். தனியாகச் சொன்னால் வேலை போகும்; சங்கமாகச் சொன்னால் குழாய் அடைபடும்.

புறம்போக்கையும் மறக்காதீர்கள். நிலமில்லாதவனின் ஆடு மேய மிஞ்சியது அதுதான். கிராமப் பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று அதே 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. அதை அமலாக்க ஜனங்கள் வேண்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. கழிவைச் சுத்தம் செய்யும் செலவு முதலாளியுடையது. பட்டறை மூடப்பட்டால், அந்த நாட்களின் கூலி தொழிலாளிக்கு உரியது. ஆறும் காடும் புறம்போக்கும் யாருடைய தனிச் சொத்தும் அல்ல.

நாளை இந்தக் கோரிக்கைகளோடு பட்டறைத் தொழிலாளி வயலுக்குப் போகட்டும். வயல் தொழிலாளி பட்டறை வாசலுக்கு வரட்டும். இருவரும் சேர்ந்து நின்றால் நொய்யலில் மறுபடி நல்ல தண்ணீர் ஓடும்!