ஒரு போட்டோவும் ஒரு மரபணுவும்

(குடியரசு தின விழாவில் ‘சி’ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கொடியேற்றம் முடிந்து எல்லோரும் பொங்கல், காபிக்குக் காத்திருக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

என் மகனை உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் நம் கோர்ட்டில் ஷட்டில் ஆடுவான். அவனுடைய இடது கண் செயற்கைக் கண் என்பது பலருக்குத் தெரியாது. 1998-இல் அவனுடைய முதல் பிறந்த நாள் ஃபிலிமைக் கழுவி வாங்கினோம். ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஒரு கண் பாப்பா சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தது. பிரிண்ட் சரியில்லை என்றுதான் நினைத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, ரெட்டினோபிளாஸ்டோமா என்றார். சின்னக் குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் புற்றுநோய். இரண்டு கண்ணிலும் இருந்தது. இடது கண்ணை எடுத்தார்கள், வலது கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

போன வருடம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கண்ணிலும் நோய் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மரபணுக் குறை போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, பேத்திக்கு அந்தக் குறை இல்லை.

இந்தப் பரிசோதனை எப்படி வந்தது? 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், 48 நோயாளிகளின் விவரங்களை வைத்து, ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் இந்தக் கட்டி வரும் என்று கணித்தார். 1986-இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் ஸ்டீபன் ஃப்ரெண்ட். அப்போது அவர் ஒரு மூத்த விஞ்ஞானியின் ஆய்வகத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர். கட்டி வளராமல் தடுக்கும் மரபணுக்களில் முதலில் கைக்குக் கிடைத்தது அதுதான். இன்று மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் பால்போசிக்லிப் மருந்துகூட, அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை வேலை செய்ய வைத்துத்தான் பலன் தருகிறது. குழந்தைகளின் கண்ணில் தொடங்கிய கேள்வி எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

இந்த நோய் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்குத்தான் வருகிறது. அதனால் கம்பெனிகள் பணம் போடத் தயங்கும். மூத்த விஞ்ஞானி நிதி கேட்டால் காட்டுவதற்குப் பழைய கட்டுரைகள் இருக்கும். இளையவரிடம் நல்ல கேள்வி மட்டும்தான் இருக்கும். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பிஎச்.டி. முடிந்து அடுத்த நிதி வரும்வரை அதுவும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் பலர் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார்கள்.

லிஃப்டுக்கே காசில்லை என்று செக்ரெட்டரி சார் சிரிக்கிறார். மெயின்டனன்ஸில் கை வைக்கச் சொல்லவில்லை, சார். நம்மிடம் 190 வீடுகள். விருப்பப்பட்டு வீட்டுக்கு 200 ரூபாய் கொடுத்தால் மாதம் 38,000. ஓர் இளம் ஆராய்ச்சியாளரை நாமே தாங்கலாம். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் இரண்டிலும் ஆராய்ச்சிப் பிரிவுகள் உண்டு. இளையவருக்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கே உங்கள் போனில் பேரன், பேத்தி படங்களைப் பாருங்கள். ஃபிளாஷில் கண் வெள்ளையாகத் தெரிந்தால், வேறு காரணமாகவும் இருக்கலாம், பயப்படாதீர்கள். ஆனால் நாளைக்கென்று தள்ளாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.