ஹெமிங்வேயின் தலைக்காயங்கள்



‘கடலும் கிழவனும்’ நாவலைத் தமிழிலே படித்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அதனை எழுதிய ஏர்னஸ்ட் ஹெமிங்வேயின் இறுதிக்கால எழுத்துகளைப் பற்றி முன்னர் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நான் பேசியதுண்டு. புகழும் மதுவும் சேர்ந்து அவரது பேனாவை முறித்துவிட்டன என்றேன். கைதட்டலும் கிடைத்தது. அந்தக் கூற்றை இன்று திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

ஹெமிங்வே பலமுறை தலையில் அடிபட்டவர். 1928இல் பாரிஸ் வீட்டுக் குளியலறையில் தவறான கயிற்றை இழுத்ததால் கூரைக் கண்ணாடி அவர்மீது விழுந்தது. நெற்றித் தழும்பு அதனால் வந்ததே. 1944 மே மாதம், யுத்தகால இருட்டடிப்பின்போது லண்டன் வீதியில் அவர் சென்ற கார் தண்ணீர்த் தொட்டியொன்றில் மோதியது. தலையில் ஐம்பதுக்கு மேற்பட்ட தையல்கள். சில நாட்களிலேயே ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறினார். ஜூன் 6ஆம் திகதி நோர்மண்டிக் கரையை நோக்கிச் சென்ற படகொன்றில் இருந்தார். ஓகஸ்டில் மறுபடியும் தலையில் அடி. அதன்பின் தலைவலி, காதிரைச்சல், இரட்டைப் பார்வை, சொல்மறதி என்று மாதக்கணக்காக அவதிப்பட்டார். சொல்லையே நம்பிப் பிழைத்தவருக்குச் சொல்மறதி!

மண்டையோட்டுக்குள்ளே மூளை குலுங்குவதை மூளை அதிர்வு என்கின்றனர். எலும்பு உடைய வேண்டுமென்பதில்லை. படம் பிடித்தாலும் ஒன்றும் தெரியாமற் போகலாம். பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுவர். சிலருக்கோ வருடங்கள் கடந்தும் வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது, நித்திரை வராது, ஒரு பக்கம் வாசிப்பதே மலையேறுவதாகிவிடும். முதலடி ஆறுமுன் மறு அடி விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளிக்காயம் மாறிவிட்டபடியால் சுற்றியிருப்போர் இதனைச் சோம்பல், சிடுசிடுப்பு, சாட்டு என்பார்கள். நானும் ஹெமிங்வேக்கு அப்படியொரு பெயரைத்தான் சூட்டியிருந்தேன்.

1954 ஜனவரியில் உகண்டாவில் நடந்ததை ஒரு கதையில் எழுதினால் நம்பமாட்டோம். 23ஆம் திகதி, மேர்ச்சிசன் நீர்வீழ்ச்சிக்கு அருகே அவர் சென்ற சிறு விமானம் தந்திக் கம்பியில் சிக்கி வீழ்ந்தது. மறுநாள் அவரை ஏற்றிச்செல்ல வந்த விமானமோ மேலெழும்போதே தீப்பற்றியது. கதவைத் தலையால் முட்டித் திறந்து வெளியே வந்தார். உலகப் பத்திரிகைகள் அவர் இறந்துவிட்டதாக எழுதின. அவர் அவற்றை வாசித்துக்கொண்டிருந்தார். அவ்வருடமே நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டொக்ஹோம் செல்ல உடல்நிலை இடந்தரவில்லை. அவருடைய உரையை அமெரிக்கத் தூதுவர் வாசித்தார்.

ஒன்றை மறக்கக்கூடாது. 1944இன் அடிகளுக்குப் பின்னரே, 1952இல், ‘கடலும் கிழவனும்’ வெளிவந்தது. பாரிஸ் நினைவுகளை 1957இன் பின் எழுதினார். காயப்பட்ட மூளைக்கும் நல்ல நாட்கள் உண்டு. அந்த நல்ல நாட்களைக் காட்டித்தான் நோயாளியைப் பொய்யனென்கிறோம்.

‘லைஃப்’ சஞ்சிகை ஸ்பானிய எருதுப்போர் பற்றிப் பத்தாயிரம் சொற்கள் அளவில் கேட்டிருந்தது. அவர் எழுதியதோ ஒரு இலட்சத்துக்கும் மேல். வேண்டாத சொல்லை வெட்டியெறிவதிலேயே பெயரெடுத்தவரால் அதனை வெட்ட முடியவில்லை. 1960இல் நண்பர் ஹொச்னரை ஹவானாவுக்கு அழைத்து உதவி கேட்டார். இதைத்தான் நான் அன்று ‘ஊளைச்சதை’ என்று கேலி செய்தேன்.

அமெரிக்க மனநல வைத்தியர் அன்ட்ரூ ஃபரா 2017இல் வெளியிட்ட நூலில், திரும்பத் திரும்ப விழுந்த அடிகளே அவரது மூளையைச் சிதைத்தன என வாதிடுகிறார். மூளையைப் பரிசோதித்துச் சொன்னதல்ல, ஊகமே. மதுவும் இருந்தது. தந்தையும் 1928இல் தற்கொலை செய்தவர். எல்லாவற்றையும் தலைக்காயத்தின் மேல் ஏற்றிவிட எனக்கும் மனமில்லை. ஆனால் அன்று நான் அதை எண்ணிப்பார்க்கவேயில்லையே!

1960இன் இறுதியில் மனச்சோர்வுக்கு அளிக்கப்பட்ட மின்னதிர்ச்சிச் சிகிச்சை ஞாபகத்தை அழித்துவிட்டதென அவரே குறைப்பட்டார். 1961இன் தொடக்கத்தில், ஜனாதிபதி கென்னடிக்கு வழங்கவிருந்த ஏடொன்றுக்குச் சில வரிகள் கேட்கப்பட்டன. வெள்ளைத்தாளின் முன் மணிக்கணக்காக இருந்தார். பார்க்க வந்த வைத்தியரின் முன் அழுதார். முடிவில் மூன்று நான்கு எளிய வாக்கியங்கள் வந்தன. ஜூலை 2ஆம் திகதி தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அந்த எருதுப்போர் எழுத்து, பிறர் வெட்டிச் சுருக்கிய வடிவில், 1985இல் நூலாகியது. என்னிடமுள்ள பிரதியின் ஓரங்களில் பென்சிலால் எழுதிய என் ஏளனக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை இப்போது அழித்துக்கொண்டிருக்கிறேன்.