உதவியை அளக்கும் கோல்



வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்களை வலுப்படுத்தச் செல்வ நாடுகள் பொருளுதவி செய்கின்றன. அவ்வுதவி பயன்பட்டதா என்று அளந்துபார்க்க ஆளனுப்புவோரும் பெரும்பாலும் அவர்களே. எத்தனை கட்டடம், எத்தனை கருவி, எத்தனை பட்டம் என எண்ணுவது எளிது. ஆனால், உதவியின் அளவு கொடுத்த பொருளில் இல்லை, பெற்றவரின் சால்பில் உள்ளது என்பதன்றோ வள்ளுவர் காட்டிய கோல்?

உகாண்டா நாட்டின் மாக்கரேரேயைப் பாருங்கள். 1922இல் 14 மாணவரோடு தொழிற்பள்ளியாகத் தோன்றியது. 1949 முதல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு மாணவரை அணியப்படுத்தியது. 1970இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அன்று அளக்கப் போனவர் நிறைமதிப்பெண் கொடுத்திருப்பர். 1972இல் இடி அமீன் ஆசியரைத் துரத்தினான். துணைவேந்தர் பிராங்கு கலிமுசோ பிடித்துச் செல்லப்பட்டார், மீளவேயில்லை. அயல்நாட்டு ஆசிரியர் வெளியேறினர். உள்நாட்டறிஞர் பலரும் உயிரஞ்சி ஓடினர். கொடுங்கோலை எந்தக் கல்விக்கூடந்தான் தாங்கும் என்பீர்கள். மெய்தான். ஆயினும், ஒழிந்த இருக்கைகளுக்கு உரியவரை அம்மண்ணிலேயே உருவாக்கும் வலிமையை, அதுவரை வந்த உதவி வளர்த்திருக்கவில்லை என்பதும் மெய்யே.

உலக வங்கி 1986இல் வெளியிட்ட அறிக்கையோ வேறொரு கோலைப் பிடித்தது. படித்தவன் கூடுதலாக ஈட்டும் ஊதியத்தைக் கணக்கிட்டு, தொடக்கக் கல்விக்கு இடும் பணமே மிகுபயன் தரும் என்றது. தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியனை ஆக்குவது எது? ஊருக்கு மருத்துவனைத் தருவது எது? ஊதியச் சீட்டில் இவை தெரியா. அக்கணக்கு குறுகியது என்று அதே வங்கி யுனெசுகோவோடு சேர்ந்தமைத்த குழு கூறியது 2000இல்! இடைப்பட்ட ஆண்டுகளில் நலிந்த ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு யார் ஈடு தருவார்?

அதே 2000இல் சுவீடன் அரசு மாக்கரேரேயில் தொடங்கிய திட்டம் சற்று வேறானது. ஆய்வுப்பொருள் உகாண்டாவினது. வழிகாட்டி இங்கொருவர், அங்கொருவர். ஆய்வாளர் சில திங்கள் சுவீடனில் பயில்வார். பின் தம் ஆய்வகத்துக்குத் திரும்புவார். வேலையும் குடும்பமும் ஊரில் இருப்பதால் அயல்நாட்டிலேயே தங்கிவிடும் நிலை குறைந்தது. பிறகு, 2019இல் உகாண்டா அரசே மாக்கரேரேயின் ஆய்வுக்கென 3,000 கோடி உகாண்டா சில்லிங்கு ஒதுக்கியது. அயலார் பணத்தால் நடந்த ஆய்வுக்குத் தன் கருவூலத்தைத் திறக்க ஒரு நாடு முன்வந்ததே, அதைத்தான் நான் பயன் என்று எழுதிக்கொள்வேன்.

இன்னொன்று. 1962இல் அதே மாக்கரேரேயில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு கூடியது. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கே அழைப்பு! சுவாகிலியில் எழுதியோர்க்கு இடமில்லை. அன்று அங்கு மாணவராயிருந்த கூகி வா தியாங்கோ, பின்னர் ஆங்கிலத்தில் எழுதுவதை விடுத்துத் தம் கிக்குயு மொழிக்குத் திரும்பினார். மாக்கரேரேயின் பயிற்றுமொழி இன்றும் ஆங்கிலமே. வாழைப்பயிரின் நோயை ஆய்ந்து முனைவரானவர், அதை உழவனுக்கு உலுகாண்டா மொழியில் எழுதிக் கொடுத்தாரா என்று அளவெடுக்க வருவோர் கேட்கட்டும்.